மூன்றாவது பேரிங் வாங்குவதற்கு முன்னால் ஹப்பைக் கழற்றிப் பாருங்கள்

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மன்னார்குடிப் பக்கம் நஞ்சை நிலம். அப்பா காலத்து எச்.எம்.டி. டிராக்டர். இடது முன் சக்கரம் ஆடுகிறது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை பேரிங் மாற்றியாகிவிட்டது, இரண்டாவது தடவை போட்டது மூன்று மாதம்கூட நிற்கவில்லை. மெக்கானிக் "ஹப்பே போச்சு, புதுசு வாங்கு" என்கிறார் (சக்கரத்தின் நடுவில் பேரிங்குகள் உட்காரும் இரும்புக் கூடுதான் ஹப்). கடைக்காரர்கள் "அந்தக் கம்பெனியே மூடியாச்சு, எங்கே போய் வாங்குவ" என்கிறார்கள். போதாக்குறைக்கு டிப்பரில் சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் ஸ்டட் போல்ட் அடிக்கடி முறிகிறது. ஹப் எங்கே கிடைக்கும், இல்லை பழையதையே சரிபண்ணலாமா என்பது கேள்வி.

முப்பது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். டெல்டாவில் சேற்றுழவு முடிந்த மறுநாள் என் வாசலில் முதலில் வந்து இறங்குவது ஹப்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலும் உங்கள் ஹப்பைக் காப்பாற்றலாம். ஆனால் மூன்றாவது பேரிங்கை இப்போதே வாங்கிவிடாதீர்கள். நல்ல பேரிங் மூன்று மாதத்தில் சாகாது. அது உட்கார்ந்திருக்கும் இடமோ, சேறு புகாமல் அதைக் காக்கும் சீலோதான் அதைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை மாற்றினாலும் காசுதான் போகும்.

முதலில், ஆடுவது ஹப்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் தொங்கி இரண்டு பக்கமும் சாய்கிற அமைப்பு. அதனால் ஜாக்கி போடும்போது ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு செருகுங்கள், பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள், தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். இப்போது டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் சக்கரத்தைப் பார்க்காமல் ஹப்பின் முதுகுப் பக்கம், சீல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்டப் ஆக்சில், அதாவது ஹப் மாட்டியிருக்கும் குட்டைத் தண்டு, அசையாமல் நின்று ஹப் மட்டும் ஆடினால் கோளாறு ஹப்பில். ஸ்டப்பும் சேர்ந்து ஆடினால் அது கிங் பின் புஷ், அதாவது ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்டப் திரும்புகிற அச்சின் புஷ். கிங் பின் தேய்மானத்துக்கு வீல் பேரிங் மாற்றிக்கொண்டே இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹப்தான் என்று தெரிந்தால் கழற்றுங்கள். டஸ்ட் கேப், ஸ்பிளிட் பின், காசில் நட் (தலையில் பள்ளம் வெட்டிய நட்டு), நாக்கு வைத்த வாஷர், வெளி பேரிங்கின் கோன் (ரோலர்களோடு இருக்கும் உள் வளையம்), பிறகு ஹப் முழுசாகக் கையோடு வரும். உள் பேரிங்கின் கோன் சீலோடு ஹப்பிலேயே இருக்கலாம், இல்லை ஸ்டப்பிலேயே தங்கிவிடலாம். டீசலில் கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரசர் காற்றில் பேரிங்கைச் சுழலவிட்டு விளையாட வேண்டாம். கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்ல ரோலரும் கீறிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஹப்புக்குள் இருக்கும் கப்பின், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தின், ஓடுபாதையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே ஒரே இடைவெளியில் பழுப்புக் கோடுகள், ரோலர் எத்தனையோ அத்தனை கோடுகள் இருந்தால், தண்ணீர் உள்ளே நின்று வண்டி சும்மா இருந்த நாட்களில் துரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கருநீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால் சூட்டில் வெந்திருக்கிறது: கிரீஸ் இல்லை, அல்லது நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் கப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் கப்பைக் கழற்றி அதன் முதுகைப் பாருங்கள், பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். முதுகு சாம்பல் நிறத்தில் மந்தமாக இருந்தால் சரி. கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, காப்பிப்பொடி நிறத்தில் மாவு ஒட்டியிருந்தாலோ, கப் ஹப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் வண்டிக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். மூன்று மாதத்தில் பேரிங் போகிறது என்றாலே எனக்கு முதலில் இதுதான் தோன்றும்.

கப் ஏன் சுற்றுகிறது? முன் சக்கரத்தில் ஹப் சுற்றும், ஸ்டப் சுற்றாது. பாரம் எப்போதும் ஸ்டப்பின் அடிப்பக்கத்திலேயே விழும். அதனால் கோனுக்கு இறுக்கம் தேவையில்லை, கையால் தள்ளினால் ஏறும் அளவு போதும். நட்டை வைத்து அட்ஜஸ்ட் செய்ய அந்தத் தளர்வு வேண்டும். ஆனால் கப் ஹப்போடு சேர்ந்து சுற்றுவதால், பாரம் அதன் வட்டம் முழுக்க ஒவ்வொரு இடமாக அமுக்கிக்கொண்டே போகும். பெரிய வளையத்துக்குள் கொஞ்சம் சின்ன வளையத்தை வைத்து உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சின்ன வளையம் கொஞ்சம் நழுவும். கப் தளர்ந்தால் அதே கதைதான். கப் கடினப்படுத்திய எஃகு, ஹப் வெறும் வார்ப்பு. யார் தேய்வார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் கப் உட்காரும் துளை, பேரிங்கின் வெளி விட்டத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். 80 மி.மீ. கப்பென்றால் துளை ஏறக்குறைய 0.02 முதல் 0.05 மி.மீ. குறைவாக இருப்பது நல்லது. கப் கை அழுத்தத்திலேயே இறங்கிவிட்டால் அந்த ஹப் பழுது. சுத்தியல் இல்லாமல் இறங்கியது என்று சந்தோஷப்படுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

தளர்ந்த துளைக்கு நம் ஊரில் மூன்று அவசர வைத்தியம் உண்டு. சென்டர் பஞ்சால் துளைச் சுவர் முழுக்கப் புள்ளி குத்துவது, பிளேடையோ தகர டப்பாத் துண்டையோ சுற்றிச் செருகுவது, கப்பின் முதுகில் நான்கு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து அடித்து இறக்குவது. மூன்றையும் நானே செய்திருக்கிறேன், தொழில் கற்ற காலத்தில். அறுவடை நேரத்தில் அன்றைய பொழுதை ஓட்ட வேண்டும் என்றால் புள்ளி குத்துவதையாவது மன்னிக்கலாம். புள்ளிகளின் உச்சி மட்டும்தான் கப்பைப் பிடிக்கும், பத்து நாளில் அது மழுங்கிவிடும். தகரம் வைத்தால் கப் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். வெல்டிங் பொட்டு வைத்தால் அந்த நான்கு இடத்தில் கப்பின் பதமே போய்விடும், ஓடுபாதை அந்த இடங்களில்தான் முதலில் பெயரும்.

தளர்வு 0.1 மி.மீ.க்குள் இருந்தால் ரிடெய்னிங் காம்பவுண்டு என்று பசை இருக்கிறது, லாக்டைட் போன்ற பிராண்டுகளில் கிடைக்கிறது. போல்ட் மரையைப் பிடிக்கும் திரெட் லாக் இல்லை, உருளைப் பாகங்களைப் பிடிப்பதற்கென்றே உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். துளையும் கப்பும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் இருந்தால்தான் அது பிடிக்கும். டீசலில் கழுவிய கையோடு தடவினால் வீண். தின்னரில் துடைத்து, உலரவிட்டு, தடவி, கப்பை ஹப்பின் உள் படியில் முட்டும்வரை இறக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒழுங்காகச் செய்தால் வருடக்கணக்கில் நிற்கிறது. அடுத்த முறை கழற்ற நன்றாகச் சூடு காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அதற்கு மேல் தேய்ந்திருந்தால், துளைக்குள் ஸ்லீவ் என்கிற உறை போடுவதுதான் வழி. 80 மி.மீ. துளையை 88 வரை குடைந்து, 4 மி.மீ. சுவர் உள்ள எஃகு ஸ்லீவை இறுக்கமாக இறக்கி, அதன்பிறகு ஸ்லீவின் உள்பக்கத்தை 80-க்குச் சற்றுக் குறைவாகக் கடைய வேண்டும். ஸ்லீவை முழு அளவுக்கு வெளியிலேயே கடைந்துவிட்டு இறக்குவது சோம்பேறி வேலை. இறக்கும்போதே அது சுருங்கிக் கோணும். இன்னொன்று, ஒரு ஹப்பில் இரண்டு துளைகள் இருக்கின்றன, உள் பேரிங்குக்கு ஒன்று, வெளி பேரிங்குக்கு ஒன்று. இரண்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும், சக்கரம் உட்காரும் முகமும் அவற்றுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். டர்னர் ஹப்பை லேத்தின் நான்கு தாடை சக்கில் பிடித்து, டயல் என்கிற நுண் அளவுக் கருவி வைத்து, நல்ல துளையையும் முகத்தையும் ஆதாரமாக எடுத்துத்தான் கெட்ட துளையைக் குடைய வேண்டும். "டயல் வைப்பீங்களா அண்ணே" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு பட்டறை பாருங்கள். குடைவதற்கு முன் ஹப்பின் வெளிச் சுவர் எவ்வளவு கனம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லீவுக்குக் குடைந்தபின் சுவர் மெலிந்துவிடும் என்றால், வார்ப்பு ஹப் ஸ்லீவ் இறங்கும்போதே விரிசல் விடும், இல்லை முதல் வரப்பில் விடும்.

பழைய கப் வெளியே வர அடம்பிடித்தால் ஒரு வழி சொல்கிறேன். கப்பின் உள்பக்க ஓடுபாதையில் ஆர்க் வெல்டிங்கால் ஒரு சுற்றுக் கோடு போடுங்கள், ஹப்பில் படாமல். ஆறியதும் வெல்டிங் சுருங்கும்போது கப்பையும் சேர்த்துச் சுருக்கிவிடும். ஹப்பைக் கவிழ்த்தால் தானாக விழும். புதுக் கப்பை ஏற்ற, அதை இரவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் ஹப்பை 100 டிகிரி சுமாருக்குச் சூடாக்கி இறக்குங்கள். கொதிக்கும் எண்ணெயும் வேண்டாம், கேஸ் டார்ச்சும் வேண்டாம். ஹப் மேல் தண்ணீர் சொட்டினால் சுரீர் என்று துள்ள வேண்டும், அந்தச் சூடு போதும். வீட்டு ஃப்ரீசரில் பேரிங் வைத்ததற்கு என் வீட்டில் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன், அது வேறு விஷயம்.

ஸ்டப் ஆக்சில் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோன் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் வெல்டிங்கால் மேடு போட்டுக் கடைந்து கொடுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஸ்டப் நடுத்தரக் கார்பன் உள்ள எஃகில் அடித்துச் செய்தது, சாதாரணக் கம்பி மாதிரி வெல்டிங்கைத் தாங்காது. குளிர்ந்த ஸ்டப்பில் நேரடியாக ராடு வைத்தால் வெல்டிங்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டித்து, நொறுங்கும் தன்மை வந்துவிடும். செய்துதான் ஆக வேண்டுமென்றால் 200 டிகிரிக்குக் குறையாமல் முன்சூடு கொடுத்து, அடுப்பில் உலர்த்திய 7018 எண் வெல்டிங் ராடில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் போட்டு, சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். நேராக நிற்கும் பகுதியில் மட்டும்தான் இது. ஸ்டப்பின் அடியில், தடித்த உடம்போடு சேரும் வளைவில், ஒரு பொட்டு வெல்டிங்கூடப் படக்கூடாது. முறிவு எப்போதும் அங்கேதான் தொடங்கும். சுத்தமாகத் துடைத்து அந்த வளைவில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லிய ஈரக்கோடாகச் சாக்பீஸில் கசியும். சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரே வாங்கிச் செய்தால் இன்னும் தெளிவு. கோடு தெரிந்தால் அந்த ஸ்டப் இரும்புக் கடைக்கு. சாலையில் நெல் மூட்டையோடு போகும்போது முன் சக்கரம் தனியாக முன்னே ஓடுவதைப் பார்த்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்துகிறேன்.

இப்போது கடைக்கு வருவோம். எச்.எம்.டி. டிராக்டர் அந்நாள் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸெட்டார் கம்பெனியோடு கூட்டாக, ஹரியானாவின் பிஞ்சோரில் உருவான வண்டி. 2016-ல் மத்திய அரசு அந்த டிராக்டர் பிரிவை மூட முடிவெடுத்தது. கம்பெனிப் பாகம் வராது என்பது உண்மைதான். ஆனால் கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்டுத்தான் கையை விரிக்கிறார். பேரிங்குக்கு வண்டிப் பெயர் தெரியாது. அதற்கு எண் தெரியும், அளவு தெரியும்.

இந்த ஹப்பில் இருப்பது கூம்பு வடிவ ரோலர் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங். அதன் கோன் பக்கவாட்டில் எண் இருக்கும். 30208 என்றால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள், உள் விட்டம் 40 மி.மீ. வெளி விட்டம் 80. 30206 என்றால் 30-க்கு 62. 32207 என்றால் 35-க்கு 72. இது உலகம் முழுக்க ஒரே எண். ஜெய்ப்பூரில் செய்யும் என்.பி.சி. ஆகட்டும், எஸ்.கே.எஃப். ஆகட்டும், டிம்கென் ஆகட்டும், எந்த டப்பாவிலும் அதே எண்தான். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் மூன்று அளவு எடுங்கள்: கோனின் உள் விட்டம், கப்பின் வெளி விட்டம், இரண்டையும் சேர்த்து வைத்த மொத்த உயரம். அந்த மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போகாமல் பேரிங் கடைக்குப் போங்கள். சீலும் அப்படித்தான். ஸ்டப்பில் சீல் உரசும் இடத்தின் விட்டம், ஹப்பில் அது உட்காரும் குழியின் விட்டம், தடிமன். 50-72-10 என்கிற மாதிரி சொன்னால் கடைக்காரர் அலமாரியைத் திறந்துவிடுவார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லா வண்டியும் மெட்ரிக் இல்லை. ஸெட்டார் வழி வந்தவை மில்லிமீட்டரில் இருக்கும். ஆனால் பிரிட்டன், அமெரிக்க வழியில் வந்த பழைய வண்டிகளிலும், ஊர்ப் பட்டறையில் கட்டிய டிப்பர் ஆக்சில்களிலும் அங்குல அளவு நிறையப் புழங்கும். அங்குல பேரிங்குகளின் எண்ணே வேறு மாதிரி, பல எண்கள் எல்.எம். போன்ற எழுத்தில் தொடங்கும், கோனுக்கு ஒரு எண், கப்புக்கு ஒரு எண் இருக்கும். அங்கே 5-ஆல் பெருக்குகிற கணக்கு செல்லாது. சில வருடம் முன்பு ஒருவர் டிப்பர் ஹப்பைக் கொண்டுவந்தார். நாலு மாதத்தில் மூன்று கோன் மாற்றியிருந்தார். ஸ்டப்பை மைக்ரோமீட்டரில் பிடித்தேன். நல்ல இடத்தில் 34.92. அதாவது அங்குலக் கணக்கில் சொன்னால் 1 அங்குலமும் எட்டில் 3 பங்கும். அதற்குரிய கோன் எல்.எம். 48548, உள் விட்டம் 34.925. அந்தக் கோன் கிடைக்காத ஊரில் யாரோ ஹப் துளையை 72-க்குக் குடைந்துவிட்டு, 35 மி.மீ. மெட்ரிக் பேரிங்கைப் போட்டிருந்தார். வித்தியாசம் 0.075 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன். கையில் போட்டுப் பார்த்தால் அழகாக ஏறும், "கச்சிதம்" என்று தோன்றும். ஓட ஓட கோன் ஸ்டப்பில் சுற்றி, மூன்றாவது மாதத்தில் ஸ்டப்பில் விரல் நகம் தட்டும் அளவுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டது. உங்கள் வண்டியிலும் முன்பு யாராவது "கிடைத்த பேரிங்குக்கு" ஹப்பைக் குடைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வலது ஹப்பையும் கழற்றி, அதிலும் இதே எண் இருக்கிறதா என்று ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பேரிங்கை எப்போதும் கப், கோன் சேர்ந்த செட்டாக, டப்பா பிரிக்காமல் வாங்குங்கள். பழைய கப் நன்றாகத்தானே இருக்கிறது என்று கோனை மட்டும் மாற்றுவது, தேய்ந்த செருப்போடு புதுச் செருப்பைச் சேர்த்துப் போடுகிற கதை. போலி நிறைய ஓடுகிறது. நான் ஒரு கடையில் பெயர்பெற்ற டப்பாவில் வாங்கிய பேரிங்கைக் கழுவிப் பார்த்தால், ரோலர் கூட்டின் துளைகள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் இல்லை. எண் குத்தியது ஆழமாக, பிசிறோடு இருந்தது. நல்ல கம்பெனிகளில் எண்ணை லேசர் மெல்லியதாகப் பதித்திருக்கும், விரலில் தட்டாது. விலை மற்ற கடையைவிடப் பாதி என்றால் பேரமே பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். சில கம்பெனிகள் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கக் கைபேசிச் செயலியே வைத்திருக்கின்றன.

ஹப்பின் உடம்பே விரிசல் விட்டுவிட்டால்தான் புது ஹப் தேட வேண்டும். அதற்கு மூன்று வழி. லூதியானா, படாலா, ராஜ்கோட் பக்கத்துச் சிறு ஆலைகள் பழைய மாடல்களுக்கும் மாற்று ஹப் வார்க்கின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் வழியாகவோ, உள்ளூர் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை வழியாகவோ ஆர்டர் சொல்லலாம். வரும்போது பெட்டியைப் பிரித்து, கப் துளை இரண்டையும், ஸ்டட் வட்டத்தையும் அளந்த பிறகே காசு. இரண்டாவது, பழைய வண்டி உடைக்கும் இடங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பெரும்பாலும் கார், லாரி. டிராக்டருக்கு ஊர்ப்பக்கம் பழைய வண்டி வாங்கி விற்பவர்களிடம் சொல்லி வையுங்கள். பழைய ஹப் வாங்கினால் ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் எடுங்கள், உடைந்த பானை மாதிரி கேட்டால் விரிசல் உண்டு. மூன்றாவது வழி வார்த்து எடுப்பது. கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் இது பெரிய விஷயமே இல்லை, ஆனால் ஒரே ஒரு ஹப்புக்கு மர அச்சு (பேட்டர்ன்) செய்யும் கூலி வார்ப்பின் விலையைத் தாண்டிவிடும். உங்கள் வட்டாரத்தில் அதே வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். பழைய ஹப்பையே அச்சாக வைத்து வார்த்துக் கொடுக்கிறேன் என்பவரிடம் கவனம். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ. சுருங்கும், கடைசலுக்கு வேண்டிய தடிமனும் இருக்காது. சாதாரண வார்ப்பிரும்பு வேண்டாம், எஸ்.ஜி. இரும்பில் வேண்டும் என்று சொல்லுங்கள். அது அதிர்ச்சியில் சட்டென்று உடையாது.

கையில் இருக்கும் ஹப் எந்த இரும்பு என்று தெரிய, மறைவான இடத்தில் சிறிதாகத் துளையிட்டுப் பாருங்கள். தூளாகக் கொட்டினால் சாதாரண வார்ப்பு, சுருள் சுருளாக வந்தால் எஃகு, துண்டு துண்டாக உடையும் சுருள் என்றால் எஸ்.ஜி. சாதாரண வார்ப்பில் விரிசலை நிக்கல் ராடில் ஒட்டலாம். ஆனால் பேரிங் துளை வழியாகப் போகும் விரிசலை ஒட்டித் தர நான் ஒத்துக்கொள்வதில்லை.

இனி சீல். இதைத்தான் உங்கள் ஊருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். புன்செய்யில் பத்து வருடம் ஓடும் ஹப் நஞ்சையில் இரண்டு வருடத்தில் போவதற்குக் காரணம் சேறுதான். ஆனால் சேறு சும்மா உள்ளே வராது, நாம்தான் உறிஞ்ச விடுகிறோம். டிப்பரோடு சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அப்படியே வரப்பிலிருந்து சேற்றில் இறக்கினால் ஹப் குப்பென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு இறங்குங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், நான் சொல்லி மாற்றிக்கொண்ட இரண்டு பேருக்கு ஹப் வேலை பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் பிரஷர் பம்ப் அடித்துக் கழுவும்போது குழாயை சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

சீல் மாற்றும்போது ஸ்டப்பில் அது உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீலும் ஒழுகும். அந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது சீலை இரண்டு மி.மீ. தள்ளி உட்காரும்படி பின்னால் வளையம் வைக்கலாம். தூசு உதடும் சேர்ந்த இரட்டை உதடு சீல் கேளுங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு கிரீஸ் பக்கம், தூசு உதடு வெளியே. குழியில் இடம் இருந்தால் இரண்டாவது சீலை வெளியே பார்த்தபடி முதுகோடு முதுகு சேர்த்துப் போட்டு, இடையில் கிரீஸ் நிரப்புவேன். சேற்றுழவு வண்டிக்கு இது நல்ல பலன் கொடுக்கிறது.

கிரீஸ் தடவுவது பலருக்கும் தெரியும் என்று நினைப்போம். பட்டறைப் பையன் ரோலர் மேல் விரலால் பூசிவிட்டு "ஆச்சு" என்பான். உள்ளங்கையில் எலுமிச்சை அளவு லித்தியம் வீல் பேரிங் கிரீஸ் வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அமுக்கி அமுக்கி இழுங்கள், மறுபக்கம் ரோலர் இடுக்கு வழியாகப் புழு மாதிரி கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரைக்கும். அப்படியே வட்டம் முழுக்க. பாடப் புத்தகம் ஹப்பின் வெற்றிடத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதே என்று சொல்லும். சாலை வண்டிக்குச் சரி. சேற்றில் மெதுவாக ஓடும் முன் சக்கரத்துக்கு நான் ஏறக்குறைய நிரப்பித்தான் விடுவேன், தண்ணீருக்கு இடம் இருக்கக் கூடாது. பழைய கிரீஸோடு வேறு வகைக் கிரீஸைக் கலக்க வேண்டாம், சில வகைகள் சேர்ந்தால் தண்ணீராக இளகிவிடும்.

நட்டை இறுக்கும்போது சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள், சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் ஒழுங்காக உட்காராது. சக்கரம் கனக்கும்வரை இறுக்கி, பிறகு ஒரு பள்ளம் அளவு பின்வாங்கி, ஸ்பிளிட் பின் துளைக்கு நேராக நிறுத்துங்கள். ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் கைக்குத் தெரிய வேண்டாம், சுற்றிவிட்டால் தாராளமாகச் சுற்ற வேண்டும். டயல் வைத்துப் பார்த்தால் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். ஸ்பேனரில் பைப் செருகி இறுக்கும் நட்டு இது இல்லை. நாக்கு வாஷரைத் தவறாமல் போடுங்கள், அது இல்லையென்றால் கோன் நகரும்போது நட்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு தடவையும் புதுசு. பத்து மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஜாக்கி போட்டு ஒரு தடவை பாருங்கள்.

டிப்பர் ஸ்டட் விஷயம் சின்னதுதான். ஸ்டட் முறிகிறது என்றால் அது பாரத்தால் முறிவதைவிட, நட்டு தளர்ந்து ரிம் ஆடி, அந்த ஆட்டத்தில் முறிவதுதான் அதிகம். ரிம் துளைகள் நீள்வட்டமாகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் எத்தனை ஸ்டட் மாற்றினாலும் முறியும், ரிம்தான் மாற வேண்டும். ஹப் முகத்திலும் ரிம்மின் பின்பக்கத்திலும் அழகுக்காகக் கனமாகப் பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டிவிடுங்கள். அந்தப் பெயிண்ட் நசுங்க நசுங்க நட்டு தளரும். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள், முதல் லோடு இறக்கியதும் மறுபடி இறுக்குங்கள். முறிந்த ஒரு ஸ்டட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அவையும் களைத்துப்போயிருக்கும். பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும்: ரோலர் பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். கரும்பு சீசனில் ஏற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு முன் ஹப்பைத் திறக்க வேண்டாம். அதில் கியர் இருக்கிறது, ஓடுவது எண்ணெயில். வடிகால் திருகைத் தளர்த்தினால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதோடு நிறுத்தி, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். குறுவை உழவு தொடங்கினால் பட்டறையில் எந்த டர்னருக்கும் டயல் வைக்க நேரம் இருக்காது, அப்போதுதான் சென்டர் பஞ்ச் கையில் எடுப்பார்கள். அதனால் சித்திரையிலேயே கழற்றுங்கள். இரண்டு பக்க ஹப்பிலும் கோன் எண், கப்பின் முதுகு எப்படி இருக்கிறது, துளை அளவு, ஸ்டப் அளவு, இந்த நாலையும் எழுதி, கப் முதுகை வெயிலில் வைத்து ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். ஸ்லீவா, பசையா, புது ஹப்பா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.